கட்டம் பச்சையாகும் வரை

ஜூன் 4

மிளகின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கவர் நேற்று வந்தது. பதினொரு படங்கள். பதினொன்றையும் விடுதிக் கட்டிலில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தேன். அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பொண்ணு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். ஒரு படத்திலாவது பிள்ளையின் முகம் முகமாக இல்லை. மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான்.

நான் வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் பதினைந்து மாதம் இந்தப் புது மில்லில் இருந்தாக வேண்டும். முதல் மாதச் சம்பளத்தில் அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவை வாங்கி அனுப்பியதே மிளகு வளர்வதை நான் பார்க்க வேண்டும் என்றுதான். எத்தனை பேர் கையில் வலி தெரியாமல் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறீர்கள். அந்தப் பொறுமையில் கால்வாசி பெற்ற பெண்ணுக்குக் காட்டக் கூடாதா?

இங்கே தர சோதனைப் பிரிவில் எனக்கும் அதே கேமராதான். துணியில் எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். ஆரம்பத்தில் எனக்கும் எல்லாம் மங்கலாகத்தான் வந்தது. ரகசியம் பட்டனில் இருக்கிறது. ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். முதலில் பாதி அழுத்திப் பிடியுங்கள். திரையில் ஒரு கட்டம் வரும். அது பச்சையானதும் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்ட பிறகு மீதியையும் மெதுவாக அழுத்துங்கள். அந்த அரை நொடியை கேமராவுக்குக் கொடுத்தால் போதும்.

மிளகு சாப்பிடுகிறாளா? தலை பின்னி விடுவது யார்?

மிளகின் அம்மா


ஜூன் 15

மிளகின் அம்மாவுக்கு,

டைப் அடித்த கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. உன்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. லேபில் ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டரிலேயே அடித்துவிட்டேன். நாள் முழுக்க எழுதி எழுதி என் கையெழுத்து டாக்டர் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது.

தலை பின்னுவது நான்தான். இரட்டைப் பின்னல் என்று ஆரம்பிப்பேன், பள்ளிக்கூட வண்டி வந்துவிடும், ஒற்றையாக முடிப்பேன். மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பல்லைத் தீப்பெட்டியில் போட்டு உனக்காக வைத்திருக்கிறாள்.

நீ சொன்னபடி பாதி அழுத்தினேன். கட்டம் பச்சையாகிறது, பீப் வருகிறது. அப்புறமும் இந்த லட்சணம்தான், இதோடு ஐந்து படம் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். ஃபிளாஷ் போட்டால் மிளகு கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். ஃபிளாஷ் இல்லாவிட்டால் திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கை நடுங்குகிற படம் வருகிறது. எதற்கு அது? மிளகு அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, கேமராவுக்கு உங்க கையத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். சிரிப்புதான் போ.

பொறுமையைப் பற்றி எழுதியிருந்தாய். காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, வேலைக்குப் போய், திரும்பி வந்து வீட்டுப்பாடம் பார்க்கிற ஆளிடம் கால்வாசிப் பொறுமை என்கிறாய். இருக்கட்டும். போவது என்று முடிவெடுத்தது நீ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிளகின் அப்பா


ஜூன் 27

மிளகின் அப்பாவுக்கு,

தலை பின்னுகிற மனுஷனிடம் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்புத்தான்.

ஆனால் 'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. "போகணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் என்கிட்ட ஏன் கேக்குற?" என்றீர்கள். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் கிளம்பும்போது மிளகு இரண்டு கையையும் ஆட்டினாள். நீங்கள் பேன்ட் பையில் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. அந்த ஆறு மணி நேரப் பயணமும் எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். எழுதிவிட்டேன்.

இனி கேமரா விஷயம். அந்தச் சிவப்புக் கை, வெளிச்சம் போதவில்லை என்று கேமரா சொல்வது. வெளிச்சம் குறைந்தால் அது கண்ணைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கும். அதற்குள் நம் கை துளி அசைந்தாலும் படம் இழுபட்டுவிடும். எல்லோருக்கும் வரும். அதனால் மிளகைக் காலையில் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போங்கள். ஜூம் செய்யவே செய்யாதீர்கள், நீங்களே நாலு அடி முன்னால் போங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டவைத்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள்.

ஐந்து படத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதில் மிளகு மங்கல், ஆனால் அவளுக்குப் பின்னால் இருக்கிற பச்சை வாளி பளிச்சென்று இருக்கிறது. கைப்பிடியில் சுற்றியிருக்கிற கம்பிகூடத் தெரிகிறது. நம் வீட்டு வாளியை நான் இத்தனை நன்றாகப் பார்த்ததே இல்லை. அங்கே கட்டம் மிளகை விட்டு வாளியில் போய் உட்கார்ந்துவிட்டது. முதலில் கட்டத்தை அவள் முகத்தில் வைத்துப் பாதி அழுத்துங்கள். விரலை எடுக்காமல் கேமராவை வேண்டிய பக்கம் திருப்பி, பிறகு முழுதாக அழுத்துங்கள். கட்டம் முகத்தை விடாது.

மற்ற நாலு படத்திலும் வாளியும் இல்லை, முகமும் இல்லை. எதுவுமே தெளிவாக இல்லை. அது எனக்குப் புரியவில்லை. சுவரில் இருக்கிற காலண்டரை, நல்ல வெளிச்சத்தில், இரண்டு அடி தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காலண்டர் ஓடாது, கண்ணையும் மூடாது. கேமராவில் கோளாறா என்று கண்டுபிடித்துவிடலாம்.

தீப்பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

மிளகின் அம்மா


ஜூலை 9

மிளகின் அம்மாவுக்கு,

காலண்டர் படம் வைத்திருக்கிறேன். முழங்கையை ஒட்டினேன், மூச்சை விட்டேன், பத்து தரம் எடுத்தேன். இருப்பதில் இதுதான் நல்லது. பார்த்தால் உனக்கே புரியும். கேமராவில்தான் கோளாறு. அனுப்பிவைக்கிறேன், வாங்கின கடையிலேயே கொடுத்துவிடு. இந்த வாளி வாளி என்கிறாயே, அது மட்டும் கேமராவைத் தண்ணீர்த்தொட்டிச் சுவர்மேல் வைத்து எடுத்தது. வைத்து எடுத்தால் வருகிறது, பிடித்து எடுத்தால் வரவில்லை என்றால் பிடிக்கிற இடத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்கு என்னவோ போல இருந்தது. விடு.

லேபில் புதிதாக ஒரு சிஸ்டர் வந்திருக்கிறாள். ஊசி வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். நான் மைக்ரோஸ்கோப், ரிஜிஸ்டர் என்று உட்கார்ந்த இடத்து வேலை. ஒரு விதத்தில் நல்லதுதான். கால் வலி இல்லை.

மிளகு கீழே ஏதோ எழுத வேண்டுமாம். வீட்டுக்குப் போய்ப் பேனாவை அவளிடம் கொடுக்கிறேன்.

மிளகின் அப்பா

*அம்மா, கவர்ல இன்னொரு போட்டோ இருக்கு. அது நான் எடுத்தேன். அப்பா ஜன்னல் பக்கத்துல டீ குடிக்கிறார். பாதி அமுக்கினேன். பச்சை ஆச்சு. பீப் வந்துச்சு. அப்புறம் முழுசா அமுக்கினேன். பல்லு இன்னும் முளைக்கல. மிளகு.*


ஜூலை 18

என்னங்க,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் காலண்டர் படத்தைப் பார்த்தேன். ஃபோகஸ் தவறினால் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் போட்ட பஞ்சு மாதிரி எல்லாப் பக்கமும் ஊதிக்கொண்டு நிற்கும். உங்கள் காலண்டரில் எதுவும் ஊதவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதே எண் இன்னொரு தரம் நிற்கிறது. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி. நல்ல வெளிச்சம், ஜூம் இல்லை, பத்து தரம் எடுத்ததில் சிறந்தது. என் மேஜைக்கு இப்படி ஒரு படம் வந்தால் 'கேமரா சரி, கை அசைந்தது' என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

அப்புறம் மிளகு எடுத்த படத்தைப் பார்த்தேன். அதே கேமரா. ஏழு வயதுப் பிள்ளையின் கை. சாயங்கால வெளிச்சம். அப்படியொரு தெளிவு. உங்கள் சட்டையில் இரண்டாவது பட்டனின் நூல் பிரிந்து தொங்குவது தெரிகிறது. மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் கம்பி நாலும் தெரிகிறது. மீசையில் புதிதாக நரை வந்திருக்கிறது, நீங்கள் எழுதவே இல்லை. எத்தனையோ நாள் கழித்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். பெண்ணின் முகத்தைக் கேட்டு, உங்கள் முகம் கிடைத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் டம்ளரைப் பார்த்தேன். படம் முழுக்கத் தெளிவாக இருக்க, உங்கள் வலது கை மட்டும் இழுபட்டிருக்கிறது. டம்ளர் ஒன்று மூன்றாகத் தெரிகிறது. பாதிக்கு மேல் டீ ஊற்றவில்லை. இடது கை அடியில் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய கடிதங்களை எடுத்துவைத்தேன். எல்லாம் டைப். நீங்கள் கையால் எழுதியது 'மிளகின் அப்பா' என்ற இரண்டு சொல்தான். ஜூன் மாதத்துக் கையெழுத்துக்கும் ஜூலை மாதத்துக் கையெழுத்துக்கும் இடையில் 'ள' எவ்வளவோ நெளிந்திருக்கிறது. ஊசி வேலையைச் சிஸ்டர் பார்க்கிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வேலையை நீங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்தது இல்லையே.

என் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்திருந்தால் திட்டி எழுதுங்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால், எத்தனை நாளாக?

நான்


ஆகஸ்ட் 3

என்னங்க,

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதி போனுக்கு வரிசையில் நின்று பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். உங்களைக் கூப்பிட்டு வந்தார்கள். "இங்க நல்ல மழை" என்றீர்கள். "அங்க மழை உண்டா?" என்றீர்கள். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள், உங்களைச் சுற்றிப் பக்கத்து வீட்டார் நின்றிருப்பார்கள். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மழை பற்றித் தெரிந்துகொண்டேன். மற்றதை எழுதுங்கள். எப்படி எழுதினாலும் நான் படித்துக்கொள்வேன்.

நான்


ஆகஸ்ட் 10

உனக்கு,

கையால்தான் எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆகிறது. கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ தப்பாகப் பார்க்கவில்லை. மிளகு எடுத்த படம் கவருக்குள் போகும்போது நானும் பார்த்தேன். அதை மட்டும் உருவிவிடலாம் என்று கை போனது. அப்புறம் வைத்து ஒட்டிவிட்டேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. நீயாகக் கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பேன்.

நீ கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் சட்டைப் பட்டன் போடும்போது. அப்புறம் பேனா பிடிக்கும்போது. எனக்குச் சட்டென்று மாமாவின் ஞாபகம்தான் வந்தது. என் அம்மாவின் தம்பி, நீயும் பார்த்திருக்கிறாய். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனுஷன், கை நடுங்க ஆரம்பித்து, நடை போய், பேச்சு போய், ஐந்து வருஷம் கட்டிலில் கிடந்தார். கடைசியில் அத்தைதான் ஊட்டிவிட்டாள். அந்த மாதிரி ஒரு வாழ்க்கை உனக்கு வரப்போகிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? அதே நேரத்தில் நீ மில் வேலையைப் பற்றிச் சொன்னாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போகாதே என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணத்தைச் சொல்லவும் முடியாது. அதனால் கோபப்பட்டேன். அது ஒன்றுதான் சுலபமாக வந்தது.

பஸ் ஸ்டாண்டில் கையைத் தூக்கியிருந்தால் நீ பார்த்திருப்பாய். அன்றைக்கு ரொம்ப நடுங்கியது. பைக்குள்ளே விட்டு முஷ்டி பிடித்துக்கொண்டு நின்றேன். நீ இறங்கி வந்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. வரவில்லையே என்றும் இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோதும் அவளுக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். சிஸ்டர் கையை நீட்டச் சொன்னதற்கு, "இல்ல சிஸ்டர், சார் வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தாள். மறுக்க முடியவில்லை. மூன்று தரம் குத்தினேன். மூன்றாவது தரமும் நரம்பு நழுவியது. கை நீலமாக வீங்கிவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல சார், என் நரம்பு சரியில்ல" என்றாள். அவள் நரம்புக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால்கூடக் கிடைக்கிற நரம்பு. பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றோடு ஊசியைத் தொடவில்லை. லேப் நடத்துகிற டாக்டரம்மாவிடம் கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் எப்போதும் பொய் சொன்னதில்லை என்று பெருமை அடித்துக்கொள்வேன். இந்த ஆறேழு மாதமாக ஒன்றுவிடாமல் பொய்.

நான்


ஆகஸ்ட் 17

என்னங்க,

முழுதும் படித்தேன். ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் வந்த கோபம் இன்னும் போகவில்லை. நோய்க்காகக் கோபமில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு மாதம் அதைத் தனியாகச் சுமந்தீர்களே, அதற்கு. மாமாவுக்கு அத்தை ஊட்டியது உங்களுக்குப் பயமாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் இருக்கிறது. ஊட்டி முடித்ததும் மாமாவின் மீசையைத் துடைத்துவிட்டு, "மாப்பிள்ளை களை வந்துருச்சு" என்பாள் அத்தை. அவர் சிரிப்பார். நானும் அதே வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, அது இருக்கட்டும். உங்களுக்கு மாமாவின் வியாதி என்று யார் சொன்னது? எந்த டாக்டர்? நீங்களே பார்த்து நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். உங்கள் லேபில் ஒரு ஆள் சோதனையே செய்யாமல் ரிப்போர்ட் அடித்தால் சும்மா விடுவீர்களா?

இந்த வாரமே டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் சொல்கிற நரம்பு டாக்டரைப் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நல்லதாக மாற்றியும் வேண்டாம், கெட்டதாக மாற்றியும் வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு வரவா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கேட்டால் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லிப் பழகுங்கள். நானும் உங்கள் மனதில் இருப்பதை உங்கள் மௌனத்திலிருந்து பிரித்தெடுக்கிற வேலையை இன்றோடு விடுகிறேன்.

பட்டன் நூலை மறக்காமல் தையுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

நான்


செப்டம்பர் 2

உனக்கு,

சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். கை நடுங்குவதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணு மாசமாவே தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் காத்திருந்தேன். அந்த சிஸ்டரை எதுக்கு எடுத்தேன்னு நினைச்சீங்க?" என்றார். நான் மட்டும்தான் ஒளித்துவைத்திருப்பதாக நினைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கிறது, டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, மிளகுக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா பட்டன் தைக்கச் சட்டையை வாங்கிக்கொண்டு, "டீ கிளாஸை அரைவாசி நிரப்பிக் கொடுக்குறது எதுக்குன்னு நினைச்சே தம்பி?" என்கிறார்.

நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். நடக்கச் சொன்னார். ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், பாதி மேஜையில். கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். மடியில் இருக்கும்போது கை சாதுவாக இருந்தது. "உங்க மாமாவுக்கு வந்தது இது இல்ல" என்றார். மாமாவுக்குச் சும்மா இருக்கும்போது நடுங்கியிருக்கும், எனக்கு வேலை செய்யும்போது நடுங்குகிறது, இரண்டும் வேறு என்றார். இது படுக்கையில் தள்ளுகிற வியாதி இல்லையாம். முழுதாகப் போகவும் போகாதாம். மூச்சு இழுப்பு இருந்தால் ஆகாதாம், இல்லை என்று கேட்டுக்கொண்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையும் என்றார், நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன் என்றார். பதற்றப்பட்டால் கூடும். ஒளித்துவைத்தால் அதுவே ஒரு பதற்றம் என்றும் சொன்னார். நீ சொல்லி அனுப்பினாயா அவரிடம்?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமாவை நினைத்து அழுதேன். எனக்காகவும் கொஞ்சம்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. டம்ளர் மூன்றில் ஒன்று குறைந்து இரண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள். ஆனால் ஊசியை இனி தொடுவதில்லை என்று நானே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நடுக்கம் குறைந்த கை போதாது, அந்த வேலைக்கு நின்ற கை வேண்டும். பதினாறு வருஷம் பிடித்த ஊசி.

அந்தக் கர்ப்பிணிப் பெண் மறுபடி வந்தாள். மறுபடியும் எனக்காகக் காத்திருந்தாள். போய்ச் சொன்னேன். "அம்மா, போன தடவை உங்க நரம்புல ஒரு குறையும் இல்ல. என் கைதான் நடுங்குச்சு. இன்னைக்கு சிஸ்டர் எடுப்பாங்க." அவள் என் கையையே பார்த்தாள். "நீங்க பக்கத்துல நின்னா போதும் சார்" என்றாள். நின்றேன். அவள் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக அழுகிற கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பாதிக் கதையில் சிஸ்டர் முடித்துவிட்டாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

இனி நீ கேட்காமல் விட்டது. வேலையை விட்டு வர வேண்டாம். அந்த வேலையில் உனக்கு இருக்கிற சந்தோஷத்தை நான் பார்த்தேன். மீதி மாதங்களை முடித்துவிட்டு வா. ஆனால் நடுவில் ஒரு தரம் வா. மிளகு கேட்கிறாள் என்றுதான் முதலில் எழுதினேன், அது வசதியாக இருக்கும். கோடு போட்டு அடித்துவிட்டேன் பார், மேலே தெரியும். நான்தான் கேட்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் வா.

நான்


செப்டம்பர் 9

என்னங்க,

மதியம் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நாலு மணிக்கு விடுப்புப் படிவம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள். இருபதாம் தேதி காலை பஸ்ஸில் ஏறுகிறேன், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று ஏதாவது எழுதுவார்கள். நான் உள்ளதை எழுதினேன்: 'வீட்டுக்காரர் கூப்பிட்டார்.'

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார்.

"கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல இதான் சார் முதல் தடவை" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான்